மறைந்த உள்ளாட்சி மாவட்டம்: வட ஆர்க்காடு ஜில்லா போர்டும் கண்ணமங்கலமும்

முன்னுரை

ஆரணிப் பகுதியின் பட்டு நெசவூர்களுள் ஒன்றான கண்ணமங்கலம், இன்று திருவண்ணாமலை மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டிய பேரூராட்சி. வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையும், விழுப்புரம்–காட்பாடி இருப்புப்பாதையும் இவ்வூர் வழியே செல்கின்றன. இவ்வூர் எம்மாவட்டத்தைச் சார்ந்தது என்னும் வினாவுக்கு வழக்கமான வரலாறு தரும் விடை எளியது: 1989 வரை வட ஆர்க்காடு, அதன்பின் திருவண்ணாமலை சம்புவராயர், 1997இல் மாவட்டங்களின் பெயர்களிலிருந்து தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டபின் திருவண்ணாமலை.

இவ்விடை வருவாய் மாவட்டத்தை மட்டுமே கருதுகிறது. மாவட்டம் என்பதற்கு மற்றொரு பொருளும் இருந்தது. வரி விதித்துச் சாலை அமைத்து, பள்ளியும் மருத்துவமனையும் நடத்திய உள்ளாட்சி மாவட்டமே அது. ‘ஜில்லா போர்டு’ என வழங்கிய அந்த அமைப்பு வருவாய் மாவட்டத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. இவ்விரு முடிவுகளையும் ஒன்றாகக் கருதுவதால், மாவட்ட அளவிலான மக்களாட்சி எப்போது, எவ்வாறு இழக்கப்பட்டது என்பது வரலாற்றில் பதிவாகாமல் போகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வருவாய் மாவட்டத்தின் எல்லை

1801இல் ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் கருநாடகப் பகுதியின் ஆட்சி கம்பெனியின் கைக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக உருவான வட ஆர்க்காடு மாவட்டத்துக்குச் சித்தூர் தலைமையிடமாயிற்று. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாகியது. வட ஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்கு மாறியது. அப்பிரிவினையில் சென்ற திருத்தணி, 1960இல் எல்லை மாற்றத்தின் வழி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியபோது செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது; வட ஆர்க்காட்டுக்கு மீளவில்லை.

இவ்வெல்லை மாற்றங்கள் அனைத்தும் நிலவரியையும் சட்டம் ஒழுங்கையும் ஆளும் வசதியை ஒட்டி மேலிருந்து முடிவு செய்யப்பட்டவை. 1881இல் ஏ. எஃப். காக்ஸ் தொகுத்து, பின்னர் எச். ஏ. ஸ்டூவர்ட் திருத்திய வட ஆர்க்காடு மாவட்டக் கையேடும் கலெக்டரின் மாவட்டத்தையே வரலாற்றின் அலகாகக் கொண்டது. பிற்கால ஆய்வுகள் பலவும் அவ்வழியையே பின்பற்றின.

உள்ளாட்சி மாவட்டத்தின் தோற்றம்

1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம், சாலை முதலியவற்றுக்காக நிலத்தின் மீது மேல்வரி விதிக்க வழிசெய்தது. ரிப்பன் பிரபு 1882 மே மாதம் வெளியிட்ட தீர்மானத்தை அடுத்து, 1884ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சிக் கழகச் சட்டம் மூன்று படிகளை அமைத்தது: ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, சிற்றூர்களை இணைத்த யூனியன். தொடக்கத்தில் கலெக்டரே ஜில்லா போர்டின் தலைவர். வருவாய்க் கோட்ட அலுவலர் தாலுகா போர்டின் தலைவர். இங்கிலாந்தில் நகர்ப்புற, ஊர்ப்புற மாவட்ட மன்றங்கள் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தோன்றின. தாலுகா போர்டு அவற்றைவிடப் பத்தாண்டு மூத்தது. எனினும் இங்கு மன்றத்தின் தலைமையில் அரசு அலுவலரே அமர்ந்திருந்தார் என்பது பெரிய வேறுபாடு.

இரட்டையாட்சிக் காலத்தில் இந்நிலை மாறியது. அப்போது வட ஆர்க்காட்டில் அடங்கியிருந்த காளத்தியில் 1866இல் பிறந்த பனகல் அரசர், 1920 இறுதியில் உள்ளாட்சித் துறை அமைச்சரானார். 1920ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கழகச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்க்குப் பெரும்பான்மை அளித்தது. 1930ஆம் ஆண்டின் திருத்தம் நியமன முறையை நீக்கியது. தாலுகா போர்டுகள் 1934இல் கலைக்கப்பட்டபின், அவற்றின் பணிச்சுமையும் ஜில்லா போர்டின் மேல் வந்தது.

போர்டின் சொத்து என்பது பொதுச்சொத்து என்னும் கருத்தும் இக்காலத்தில்தான் சட்ட வலிமை பெற்றது. பொதுச் சாலை, கிணறு, குளம் முதலியவற்றை ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தும் உரிமையை வலியுறுத்தி இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அத்தீர்மானம் நடைமுறையாவதும் ஏட்டளவில் நிற்பதும் பெரிதும் உள்ளாட்சி அமைப்புகளைச் சார்ந்திருந்தன. எனவே ஜில்லா போர்டின் வரலாறு சாலையளப்பின் வரலாறாக முடிவதில்லை. அச்சாலையில் யார் நடந்தனர் என்பதன் வரலாறும் அதுவே.

மேலும் கீழும் பிரிந்த அதிகாரம்

பல்வந்தராய் மேத்தா குழு 1957இல் அளித்த அறிக்கை, வட்டார அளவிலான அமைப்பையே வளர்ச்சிப் பணியின் மையமாகக் கருதியது. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் ஜில்லா போர்டுகளுக்கு மாற்றாக ஊராட்சி ஒன்றியங்களை அமைத்தது. அவை 1960, 1961ஆம் ஆண்டுகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. மாவட்ட அளவில் எஞ்சியது கலெக்டர் தலைமையிலான மாவட்ட வளர்ச்சி மன்றம். அது அறிவுரை கூறும் அமைப்பு மட்டுமே. வரி விதிக்கும் அதிகாரம் அதற்கில்லை.

போர்டின் பணிகள் இரு திசைகளில் பிரிந்தன. தொடக்கப் பள்ளிகளும் சிறு சாலைகளும் கீழே ஒன்றியங்களுக்குச் சென்றன. உயர்நிலைப் பள்ளிகளும் முதன்மைச் சாலைகளும் மருத்துவமனைகளும் மேலே அரசுத் துறைகளுக்குச் சென்றன. ஒன்றியங்களுக்குச் சென்றவையும் அங்கு முழுமையாக நிலைக்கவில்லை; ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியராயினர்.

இங்கிலாந்தின் ஊர்ப்புற மாவட்டங்கள் 1974 ஏப்ரல் 1 அன்று மறைந்தபோது, அவற்றின் இடத்தைப் பெரிய மாவட்ட மன்றங்கள் பெற்றன. தேர்தலும் வரி அதிகாரமும் தொடர்ந்தன. இங்கோ, நூலும் சேலையும் சாலை வழியே வந்துசெல்லும் கண்ணமங்கலம் போன்ற ஊர், தன் முதன்மைச் சாலையைக் குறித்துக் கேள்வி எழுப்புவதற்கு மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஏதும் இல்லாது போயிற்று.

மீட்பும் அதன் வரம்பும்

73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழிவந்த 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மாவட்ட ஊராட்சியை உருவாக்கியது. 1996இல் அதற்கு முதல் தேர்தல் நடந்தது. இதனை ஜில்லா போர்டின் மறுபிறப்பு எனக் கொள்வது பொருந்தாது. மாவட்ட ஊராட்சிக்குச் சொந்த வரி இல்லை. பழைய உயர்நிலைப் பள்ளிகளும் சாலைகளும் அதனிடம் திரும்பவில்லை. மேலும் அது ஊரகப் பகுதிக்கு மட்டும் உரியது. பேரூராட்சியாகிய கண்ணமங்கலத்தின் வாக்காளர்க்கு மாவட்ட ஊராட்சித் தேர்தலில் வாக்கில்லை. சூழ்ந்துள்ள சிற்றூர்களின் வாக்காளர்க்கு உண்டு.

வருவாய் எல்லையின் மேலாண்மையும் தொடர்கிறது. 1989 பிரிவினை, அண்மையிலுள்ள வேலூருக்கு மாறாகத் தொலைவிலுள்ள திருவண்ணாமலையைக் கண்ணமங்கலத்தின் தலைமையிடமாக்கியது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அதனால் அவ்வாண்டு டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலிலிருந்து வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விலக்கப்பட்டன. கண்ணமங்கலத்தைச் சூழ்ந்த திருவண்ணாமலை மாவட்டச் சிற்றூர்கள் 2019இல் வாக்களித்தன. எல்லைக்கு வடக்கே வேலூர் மாவட்டச் சிற்றூர்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. முன்னர் இரண்டும் ஒரே வட ஆர்க்காட்டுக்குள் இருந்தவை.

முடிவுரை

வட ஆர்க்காட்டின் வரலாற்றை 1801, 1911, 1989 என்னும் ஆண்டுகளால் மட்டும் வகுப்பது கலெக்டர் அலுவலகத்தின் வரலாறாகவே அமையும். 1884, 1920, 1934, 1958 ஆகிய ஆண்டுகளை அவற்றுடன் சேர்த்து நோக்கும்போது, மக்கள் தேர்ந்தெடுத்த மாவட்டம் ஒன்று வளர்ந்து கலைந்த வரலாறு புலப்படுகிறது. மாவட்டப் பிரிவினை குறித்த ஆய்வுகள் புதிய தலைமையிடத்தின் தொலைவை அளப்பதோடு நில்லாமல், அத்தலைமையிடத்தில் மக்களுக்குப் பொறுப்புடைய மன்றம் உண்டா, அதற்கு நிதி உண்டா என்பதையும் ஆராய வேண்டும். எல்லையோர ஊர்களின் உள்ளாட்சி ஆவணங்களிலிருந்து அவ்வாய்வைத் தொடங்குவது பயன் தரும். மாவட்டக் கோடு நகரும்போதெல்லாம் அதன் விளைவை முதலில் எதிர்கொள்பவை அவ்வூர்களே.