மைக்காவும் பீங்கானும்: ஒரு போர்க்கால வரலாறு

1944ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையிலமைந்த தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் டெல்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு இடம்மாறியது. இன்று நாம் நிழல் தேடிச் செல்லும் அத்தோட்டத்திலிருந்தே பர்மியப் போர்முனைக்கு ஆணைகள் சென்றன. அவற்றைச் சுமந்து செல்ல வானொலிக் கருவிகள் வேண்டியிருந்தன. அக்கருவிகளினுள்ளே மின்னேற்றத்தைச் சேமிக்கும் கொள்ளளவிகள் இருந்தன. அவற்றுட் சிறந்தவற்றில் உலோகத் தகடுகளுக்கிடையே வைக்கப்பட்டது மைக்காத் தாள். போர் வரலாறு எழுதுவோர் தளபதிகளைப் பக்கம் பக்கமாகப் பேசுவர். மைக்காவைப் பேசுவோர் அரியர்.

அன்று உலகுக்கு வேண்டிய உயர்தரத் தாள் மைக்காவிற் பெரும்பகுதியை அளித்தது இந்தியா. பீகாரின் கோடர்மா, ஹசாரிபாக் பகுதிகளிலும் நெல்லூர்ப் பகுதியிலும் அது வெட்டியெடுக்கப்பட்டது. அதனை ஏடு ஏடாகப் பிரித்தவர்களுள் அற்பக் கூலி பெற்ற பெண்களும் சிறுவர்களும் பலராவர். நமது கண்டி, மாத்தளைப் பகுதிகளிலும் மைக்கா உண்டு. ஆயின் அளவிற் சிறிது. நீர்மூழ்கிக் கப்பல்கள் கடல்வழிகளை அச்சுறுத்தியபோது, மைக்காவுக்கு மாற்றுத் தேடும் முயற்சி தீவிரமடைந்தது.

1942க்கும் 1945க்குமிடையில் அமெரிக்காவில் வெய்னரும் சலமனும், ஜப்பானில் ஒகாவாவும் வாக்கும், சோவியத் நாட்டில் வூலும் கோல்ட்மனும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே ஒரே பொருளை வந்தடைந்தனர். அதுவே பேரியந் தைத்தனேற்று. மைக்காவின் மின்னுழைய மாறிலி ஏறத்தாழ ஆறு. புதிய பீங்கானுடையதோ ஆயிரத்தைத் தாண்டியது. ஒன்றோடொன்று பொருதிய நாடுகள் ஒரே விடையைக் கண்டமை, தேவையே கண்டுபிடிப்பை வழிநடத்திற்று என்பதற்குத் தக்க சான்றாகும்.

இப்பொருளின் பளிங்கமைப்பை 1945இல் எலன் மெகோ என்ற பெண் அறிஞர் எக்ஸ் கதிர்களால் தெளிவுபடுத்தினார். 1839இல் கஸ்ராவ் ரோஸ் யூரல் மலைக் கனியமொன்றுக்குச் சூட்டிய பெரோவ்ஸ்கைற்று என்ற பெயரே இவ்வமைப்புக்கும் வழங்குகின்றது. கனசதுரமொன்றின் மூலைகளிற் பேரியமும், முகங்களின் நடுவே ஒட்சிசனும், மையத்திலே தைத்தானியமும் அமைந்திருக்கும். ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்குக் கீழே தைத்தானியம் மையத்தினின்று சற்றே விலகுகின்றது. அச்சிறு விலகலே இதன் மின்னியல்புகளுக்கு அடிப்படை.

சேர்மானத்தை மாற்றினால் இயல்பும் மாறும். பேரியத்தின் ஒரு பகுதிக்கு ஈடாக ஸ்ரொன்சியத்தைச் சேர்ப்பின் அவ்வெப்பநிலை குறையும். ஈயத்தைச் சேர்ப்பின் உயரும். நூற்றில் ஒரு பங்கினும் குறைவான இலந்தனம் சேர்ந்தாற் போதும், காவலி குறைகடத்தியாகிவிடும். எனினும் சேர்மானம் மட்டும் பேசுவது பாதிக் கதையே. பேரியங் காபனேற்றையும் தைத்தானியம் ஈரொட்சைட்டையும் கலந்து, ஏறத்தாழ 1100 பாகையில் வறுத்து, அரைத்து, அழுத்தி, 1300 பாகை அளவில் மீண்டும் சுடுவர். இறுதியில் மணிகள் ஒரு மைக்குரோமீற்றர் அளவில் நின்றால் மின்னுழைய மாறிலி 5000ஐ நெருங்கும். மணிகள் பருத்துவிட்டால் அதிற் பாதியும் தேறாது. சூளையில் ஒட்சிசன் குறைந்தால் மின் கசியத் தொடங்கும். ஒரே மண்ணாயினும் சூளை வேறானாற் பாண்டம் வேறு என்பது நம் குயவர்கள் அறியாததன்று.

இங்கேதான் ஒரு கசப்பான செய்தியும் தோன்றுகின்றது. மண்ணுடையவன் விலை பேசும் காலத்தைச் சூளையறிவு முடித்துவைக்கின்றது. திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டைக் கரையில் தைத்தானியம் செறிந்த இல்மனைற்று மணல் குவிந்துள்ளது. 1957இல் அதற்கெனக் கூட்டுத்தாபனமும் நிறுவப்பட்டது. ஆயினும் அம்மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறி வந்துள்ளது. மைக்காவைத் தாளாகப் பிரித்து அனுப்பிய கோடர்மாவின் நிலைக்கும் இதற்கும் பெரு வேறுபாடு காண்பது எனக்கு அரிதாயிருக்கின்றது.

அறிவு இங்கில்லை என்று கூறுதலும் பொருந்தாது. 1981இல் நிறுவப்பட்ட அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் 1985இல் கண்டி ஹந்தானைக்கு வந்தது. பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவர்தம் குழுவினரும் 1995இல் அங்கேதான் தைத்தானியம் ஈரொட்சைட்டுப் படலத்திற் சாயமேற்றி, அதன்மேற் செப்பு அயடைட்டைப் படியவைத்து, திரவமற்ற சூரியக் கலமொன்றைச் செய்து காட்டினர். மியாசகா குழுவினர் 2009இல் அத்தகைய ஈரொட்சைட்டுப் படலத்தின்மேற் சாயத்துக்குப் பதிலாகப் பெரோவ்ஸ்கைற்றுச் சேர்வையொன்றை வைத்தனர். அன்று தொடங்கிய பெரோவ்ஸ்கைற்றுச் சூரியக் கல ஆய்வு இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. பூந்தோட்டத்திலிருந்து ஹந்தானை சில மைல் தொலைவே.