ஐந்து ஆண்டுகள் காத்திருந்த மணமாலை

ஆடி வந்தால் திருமணத்தைத் தள்ளி வைப்போம். மார்கழி வந்தாலும் தள்ளி வைப்போம். நல்ல நாளுக்காகக் காத்திருத்தல் நமக்குப் புதிதன்று. ஆனால், மணமக்களின் மனவுறுதியை அறியும் பொருட்டே ஐந்து ஆண்டுகள் தள்ளி வைக்கப்பட்ட திருமணம் ஒன்று நம் நாட்டு வரலாற்றில் உண்டு. மணமகள், இராஜாஜியின் அருமை மகள் இலட்சுமி. மணமகன், காந்தியடிகளின் கடைசி மைந்தர் தேவதாஸ்.

தேவதாஸ் 1900-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 1918-இல் இந்தி கற்பிப்பதற்காகத் தந்தையாரால் சென்னைக்கு அனுப்பப்பட்டார். ஆதலின் தமிழகம் அவருக்கு அயலிடமன்று. இலட்சுமியோ இளமையிலேயே தாயை இழந்து, தந்தையாரின் நிழலில் வளர்ந்தவர். தந்தையர் இருவரின் நட்பால் இரு குடும்பங்களும் நெருங்கின. 1927-ஆம் ஆண்டளவில் இளையோர் இருவர் உள்ளமும் ஒன்றுபட்டன. அப்போது தேவதாசுக்கு வயது 27, இலட்சுமிக்கு 15.

இடையே நின்ற தடைகள் சிறியன அல்ல. அவர் குஜராத்தி வணிகர் குலம். இவர் தமிழ் அந்தணர் குலம். மொழி வேறு, சாதி வேறு, வயதிலும் பெரும் வேற்றுமை. சாதி கடந்த மணத்தைக் காந்தியடிகளே அந்நாளில் முழுமனத்துடன் ஆதரித்தாரில்லை.

தந்தையர் இருவரும் மறுக்கவுமில்லை, உடனே இசையவுமில்லை. "ஐந்து ஆண்டுகள் பிரிந்திருங்கள், சந்திப்பும் வேண்டா, கடிதமும் வேண்டா. அதன் பின்னும் அன்பு மாறாதிருப்பின் மணம் செய்விப்போம்" என்பதே அவர்கள் விதித்த நிபந்தனையின் சாரம்.

அந்த ஐந்து ஆண்டுகளும் நாடே கொந்தளித்த ஆண்டுகள். 1930-இல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்புச் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. தந்தையரும் சிறை சென்றனர். தேவதாசும் சிறை சென்றார். சிறைப்பட்டோருக்கும் கடிதம் உண்டு. நிபந்தனைப்படி இக்காதலர்க்கு அதுவும் இல்லை. ஆயினும் அன்பு தளரவில்லை.

1933-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் தொடங்கிய 21 நாள் உண்ணாவிரதத்தைக் காந்தியடிகள் மே 29-இல் முடித்தார். உடல் தேறாத நிலையிலேயே, ஜூன் 16-ஆம் நாள், பூனாவில் அவர் தங்கியிருந்த பர்ணகுடி இல்லத்தில் திருமணம் எளிமையாக நிறைவேறியது. இலட்சுமண சாஸ்திரி ஜோஷி சடங்கை நடத்தி வைத்தார். வெவ்வேறு சாதி இந்துக்களின் திருமணங்களைச் செல்லத்தக்கனவாக்கும் சட்டம் 1949-இல்தான் பிறந்தது என்பதை எண்ணினால், அவர்களது துணிவு விளங்கும்.

பின்னர் தில்லியில் குடியேறிய அத்தமிழ் நங்கை, நம்மைப் போலவே வடபுலத்தில் வாழ்க்கை நடத்தினார். தேவதாஸ் 1937 முதல் 1957-இல் மறையும் வரை 'இந்துஸ்தான் டைம்ஸ்' இதழின் ஆசிரியராக விளங்கினார். மக்கள் நால்வர். அவருள் இளையவரான கோபாலகிருஷ்ண காந்தி, பாட்டனார் இராஜாஜி 1947-48-இல் வகித்த மேற்கு வங்க ஆளுநர் பதவியை 2004 முதல் 2009 வரை வகித்தார்.

அன்பர்களே, நம் காலனியில் நம் பிள்ளைகள் பல மொழிப் பிள்ளைகளோடு கூடி வளர்கின்றனர். நாளை அவருள் ஒருவர் நம்மிடம் வந்து மனம் திறக்கக்கூடும். "பொறு" என்று சொல்ல நமக்கு உரிமையுண்டு. ஆனால், மறந்துவிடட்டும் என்ற எண்ணத்தோடு சொல்லும் "பொறு" வேறு. நாள் குறித்துச் சொல்லும் "பொறு" வேறு. வண்டி தாமதம் என்று அறிவிக்கும் நிலையம், எத்தனை மணிக்கு வரும் என்பதையும் அறிவிக்க வேண்டுமன்றோ? காதலர் இருவரும் தம் சொல்லைக் காத்தனர். கெடு முடிந்ததும் தந்தையர் இருவரும் தம் சொல்லைக் காத்தனர். பின்னதே நாம் கற்க வேண்டிய பாடம்.