பழைய லாரி சொல்லும் கதை

சில ஆண்டுகளுக்கு முன் காஞ்சிபுரத்தில் என் மாணவன் ஒருவனின் தந்தை வீட்டுக்கு வந்தார். பட்டு நெசவாளர். மூன்று தறிகளில் இரண்டை விற்று, மேற்கொண்டு கடனும் வாங்கி, லாரி ஓட்டும் மைத்துனருடன் சேர்ந்து பழைய பத்துச் சக்கர லாரி ஒன்றை வாங்கப் போவதாகச் சொன்னார். "எஞ்சினைப் பத்திப் பாடம் எடுக்கிறீங்களாமே சார், ஒரு தடவை வந்து பாருங்க" என்றார்.

மறுநாள் காலை 6 மணிக்குப் போனோம். சாவியைத் திருகியவுடன் எஞ்சின் ஓடத் தொடங்கியது. எனக்குத் திருப்தி. உடன் வந்த மெக்கானிக் மட்டும், சாவி போடுவதற்கு முன்பே ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்திருந்தார். "சுடுது சார். நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க. நாளைக்கு வருவோம்" என்றார். அந்தச் சூட்டுக்கும் லாரியின் விலைக்கும் என்ன தொடர்பு? விடை காண, நூறாண்டுகளுக்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை நாம் அறிவோம். காற்றை விரைவாக அமுக்கினால் அதன் வெப்பநிலை உயரும். இந்த விதியின் மீதே ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் தம் எஞ்சினை அமைத்தார். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்ட அந்த எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அக்காலத்துச் சாதாரண நீராவி எஞ்சின்கள் 10 சதவீதத்தை எட்டவே திணறின.

ஆனால் எரிபொருளை உள்ளே செலுத்த அதற்குத் தனியே ஒரு காற்றமுக்கி தேவைப்பட்டது. அவ்வளவு சுமையுடன் அது வண்டியில் ஏற முடியவில்லை. 1920-களில்தான் அந்தத் தடை நீங்கியது. 1924-இல் மான் நிறுவனம் டீசல் லாரியைக் காட்சிக்கு வைத்தது. 1927-இல் ராபர்ட் பாஷ் நிறுவனம் எரிபொருள் பம்புகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. டீசல், சாலைக்கு வந்தது.

தமிழகத்துக்கு வந்த கதை

சென்னையில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தை ரகுநந்தன் சரண் தொடங்கினார். முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய அந்நிறுவனம் பின்னர் இங்கிலாந்தின் லேலண்டுடன் இணைந்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனம் 1954-இல் டெய்ம்லர் பென்ஸ் உடன்பாட்டின்படி லாரி தயாரிப்பில் இறங்கியது. தொழிற்சாலையிலிருந்து வருவது பெரும்பாலும் வெறும் சேஸிஸ்தான். அதற்கு மரத்திலும் இரும்பிலும் 'பாடி' கட்டும் தொழில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் செழித்தது.

புதிய லாரி வாங்க வழியில்லாத ஓட்டுநருக்குப் பழைய லாரியே முதல் படி. நிலமோ வங்கிக் கணக்கோ இல்லாதவருக்குக் கடன் கொடுக்க முன்வருவோர் குறைவு. 1979-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ், பழைய லாரிக்குக் கடன் தருவதையே தன் பெருந்தொழிலாக ஆக்கிக் கொண்டது. ஓட்டுநர்கள் பலர் உரிமையாளர் ஆயினர்.

ஆயினும், பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய இயந்திரத்தை நம்பிக் கடன் கொடுப்பது எப்படி முடிந்தது? கனரக எஞ்சின் பழுது பார்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது என்பதே காரணம்.

தேய்வதை மாற்றலாம்

நாடா தேய்ந்தால் நாடாவை மாற்றுகிறோம். தறியைத் தூக்கி எறிவதில்லை. லாரி எஞ்சினும் அப்படித்தான். பிஸ்டன் உராயும் உருளைச் சுவர், கனரக எஞ்சின்கள் பலவற்றில், 'லைனர்' என்னும் தனிக் குழாயாக உள்ளே பொருத்தப்பட்டிருக்கும். தேய்ந்தால் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் புதிதாகப் போடலாம். கிராங்க் ஷாப்டைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குச் சாணை பிடித்து, அதற்கேற்பத் தடித்த பேரிங் பூட்டலாம். எனவே பழைய லாரியின் மதிப்பு அதன் வயதில் மட்டும் இல்லை. தேய்வு எவ்வளவு, அதைச் சரிசெய்ய ஆகும் செலவு எவ்வளவு என்பதிலும் இருக்கிறது.

இப்போது காலைச் சூட்டுக்கு வருவோம். காற்றைப் பதினாறில் ஒரு பங்காக அமுக்கினால், வெப்பம் வெளியேறாத நிலையில், அது 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்கிறது கணக்கு. உண்மையில் சுவர் வெப்பத்தை உறிஞ்சுவதால் அவ்வளவு கிட்டாது. ரிங்குகள் தேய்ந்திருந்தால் காற்றும் கசியும்; வெப்பநிலை மேலும் குறையும். குளிர்ந்த எஞ்சின் உடனே பிடிக்காது. ஏற்கெனவே சூடாக இருந்தாலோ சுவர் உறிஞ்சும் வெப்பம் குறைவு. உலோகம் விரிந்து இடைவெளியும் சுருங்கும். தேய்வு மறைந்துவிடும்!

புகையும் பேசும். நீலப் புகை, ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை, காற்று போதாமையையோ இன்ஜெக்டர் கோளாறையோ சொல்லும். வெண்புகை, எரியாத டீசலாகவோ உருளைக்குள் கசிந்த நீராகவோ இருக்கலாம். ஓடும் எஞ்சினின் ஆயில் மூடியைத் திறந்தால் 'புஸ் புஸ்' என்று காற்று வந்தால், ரிங் தேய்ந்திருக்கலாம்.

தேய்வுக்குத் தூசியே முதல் பகைவன். சாலைத் தூசியில் உள்ள குவார்ட்சு மணல் இரும்பை அராவும். ஆகவே காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைப்பதும், ஆயிலையும் அதன் வடிகட்டியையும் காலத்தில் மாற்றுவதும் பராமரிப்பின் அடிப்படை.

இன்றைய நிலை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடத்தில் 2012-இல் பாரத் பென்ஸ் லாரித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பி.எஸ்.6 விதி நடப்பில் உள்ளது. இவ்வகை லாரிகளில் உணர்விகளும் கணினியும் உண்டு. பலவற்றில் புகையைத் தூய்மைப்படுத்த யூரியாக் கரைசலும் செலுத்தப்படுகிறது. எனவே காதும் கையும் மட்டும் போதா. கணினியில் பதிவான கோளாறுகளையும் படித்துப் பார்க்க வேண்டும். ஆர்.சி., பெர்மிட், எப்.சி., காப்பீடு, நிலுவைக் கடன் ஆகியவற்றைச் சரிபார்ப்பதும் கட்டாயம். ஆனால் அமுக்கிய காற்றின் சூட்டில் டீசல் பற்றும் விதி மாறவில்லை.

மறுநாள் சொல்லாமல் சென்றோம். எஞ்சின் சில்லிட்டிருந்தது. நெடுநேரம் சுற்றிய பின்பே பிடித்தது. வெண்புகையும், தொடர்ந்து நீலப் புகையும் வந்தன. மெக்கானிக் செலவுக் கணக்கைத் தாளில் எழுதினார். அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டே விலை பேசி முடித்தனர். முதல் லோடு ஏற்றும் முன் லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றப்பட்டன.

வெப்ப இயக்கவியலை நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு குடும்பத்தின் இரண்டு தறிகளை அது காப்பாற்றும் என்பதை, ரேடியேட்டரில் கை வைத்த மெக்கானிக்கிடம்தான் கற்றேன்.