தென்னையின் இரு பகைவர்

மட்டக்களப்பு வாவிக்கும் கீழ்க்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தை எழுவான்கரை என்பர். அந்நிலத்து மக்களுக்குத் தென்னை வெறும் மரமன்று. கூரைக்குக் கிடுகும், அடுப்புக்கு விறகும், கைச்செலவுக்குக் காசும் தருவது அதுவே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இம்மாவட்டத்துத் தென்னைகளைக் கருந்தலைப்புழு வருத்தியது. ஓலையின் அடிப்புறத்தில் நூலாலும் எச்சத்தாலும் குழல் போன்ற கூடமைத்து, அதனுள் மறைந்திருந்து பச்சையத்தை அது சுரண்டித் தின்னும். தாக்குண்ட தோப்பு தீயிற் கருகியதுபோல் தோன்றும். இது 1864ஆம் ஆண்டில் வாக்கர் என்னும் ஆங்கில அறிஞர் பெயரிட்ட ஓர் அந்துப்பூச்சியின் புழுவாகும்.

இதே காலத்திற் பசிபிக் கடலிலுள்ள பிஜித் தீவிலும் தென்னைகள் அழிந்துகொண்டிருந்தன. அங்கே பகையாய் நின்றது லெவுவானா என்னும் நீலநிற அந்துப்பூச்சி. 1877 முதல் விட்டி லெவுத் தீவிற் பெருகிய அது, பின்னர் அயற்றீவுகளையும் அச்சுறுத்தியது. அதனை அடக்கவல்ல எதிரி அங்கே இருக்கவில்லை. ஆகவே 1925ஆம் ஆண்டில் தொதில் என்பாரும் அவர்தம் துணைவரும் மலாயாவிலிருந்து ஓர் ஈயினத்தைக் கப்பலிற் கொணர்ந்தனர். உயிரோடு கரைசேர்ந்தவை சில நூறு ஈக்களே. அவை புழுக்களின் மேல் முட்டையிட, பிறந்த குஞ்சுகள் புழுவின் உடலைக் குடைந்து உண்டன. சில மாதங்களிற் பகை ஒடுங்கியது. 1950களுக்குப் பின்னர் லெவுவானாவைக் கண்டாரில்லை. அவ்வினமே அற்றுப்போயிற்று என்பது அறிஞர் பலர் கருத்து. பிஜிக்கே உரிய வேறோர் அந்துப்பூச்சியும் அவ்வீயினால் அருகியது என்பர்.

மட்டக்களப்பின் நிலை வேறு. கருந்தலைப்புழு இம்மண்ணுக்கு அந்நியமன்று. அதன் எதிரிகளும் இங்கேயே உள்ளன. கோனியோசசு என்னும் சிறுகுளவி, புழுவின் கூட்டினுள் நுழைந்து அதனைக் கொட்டி அசைவறச் செய்து, அதன்மேல் முட்டையிட்டுக் குஞ்சுகளையும் காவல் புரிகின்றது. முற்காலத்தில் நோயுற்ற ஓலைகளை வெட்டி எரிப்பதே பெருமுறை. ஆயின் அத்தீயிற் புழுவோடு குளவியும் மடிந்தது. இதனை உணர்ந்தே, 1929இல் தோன்றிய தென்னை ஆராய்ச்சித் திட்டத்தின் வழிவந்த லுணுவில ஆராய்ச்சி நிலையம், ஒட்டுண்ணிகளை வளர்த்துத் தோப்புகளில் விடும் முறையைப் பேணி வந்துள்ளது.

பிஜியின் வெற்றி விரைவானது. அதன் விலையாக ஓரினம் மறைந்தது. எழுவான்கரையிலோ வெற்றி முற்றுப்பெறுவதில்லை. புழு மீண்டும் வரும். குளவியும் அதனைத் தொடரும். அவ்விரண்டின் நடுவே தென்னை பிழைத்திருக்கின்றது.