விதி கூடினால் சமன் குன்றுமா?

சதுரங்கத்தில் இரு தரப்பாரின் படையும் ஒன்றே. ஆதலின் அங்கே சமநிலை எளிது. ஆனால், ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஒருவரோடொருவர் போட்டியிடாது, வெவ்வேறு ஆற்றலுள்ள பாத்திரங்களை ஏற்று, ஒரு கற்பனை உலகிற் கூட்டாக உலாவும் விளையாட்டில் சமநிலை என்பது யாது? அரை நூற்றாண்டாக விடை தேடப்பட்டுவரும் வினா இது.

1974ஆம் ஆண்டில், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. நிலவறைகளும் பறவை நாகங்களும் என்பது அப்பெயரின் பொருள். கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் இயற்றிய 3 சிறு நூல்கள் ஒரு பெட்டியில் அடங்கின. முதலில் அச்சானவை 1,000 பிரதிகளே. போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என்னும் மூவகைப் பாத்திரங்களே அதில் இருந்தன. கட்டாரியாயினும் பெருவாளாயினும் அது விளைக்கும் சேதத்தை ஒரே ஆறுமுகப் பகடை தீர்மானித்தது. விதி கூறாதவற்றை நடுவர் தீர்த்துவைத்தார்.

மறு ஆண்டே ‘கிரேஹோக்’ என்னும் முதல் துணைநூல் வெளிவந்தது. ஆயுதந்தோறும் சேதம் வேறுபட்டது. போர்வீரனின் உயிர்வலிமைக்கு எண்முகப் பகடையும் மந்திரவாதிக்கு நான்முகப் பகடையும் விதிக்கப்பட்டன. அதே வேளை, மந்திரவாதிக்கு முன்னிலும் உயர்ந்த மந்திரங்கள் கிடைத்தன. தொடக்கத்தில் ஓர் அடிக்கே வீழ்பவன் முடிவில் நிகரற்றவனாவான். அக்காலத்துச் சமநிலை ஒருநாள் ஆட்டத்திலன்று, பல மாத ஆட்டத்திலே கணிக்கப்பட்டது எனலாம்.

அந்நூல் கள்வன் என்னும் புதுப் பாத்திரத்தையும் தந்தது. பூட்டைத் திறத்தல், ஓசையின்றி நடத்தல் முதலியன அவனுடைய தனித்திறன்களாயின. அதுவரை எந்த வீரனும் ‘மெல்ல நடக்கிறேன்’ என்று கூறி நடுவரின் தீர்ப்பைப் பெறலாம். கள்வனுக்கு உரிமை எழுதப்பட்டதும், மற்றோரின் எழுதப்படாத உரிமை சுருங்கியது. புதிய விதி ஒருவருக்குக் கொடுக்கும்போதே பிறரிடமிருந்து எடுக்கவும் கூடும் என்பதை ஆட்டக்காரர் அன்றே கண்டனர்.

ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யக் கைகக்ஸ் கையாண்ட முறைகளுள் ஒன்று அனுபவப் புள்ளி. இரண்டாம் படியை அடையக் கள்வனுக்கு ஏறத்தாழ 1,200 புள்ளிகள் போதும். போர்வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். 1985இல் வந்த ‘அனெர்த்ட் ஆர்கானா’ என்னும் நூல் இம்முறையின் எல்லையைக் காட்டிற்று. அதில் வந்த காட்டுவீரனின் உயிர்வலிமைக்குப் பன்னிருமுகப் பகடை. ஆயின் இரண்டாம் படிக்கு 6,000 புள்ளிகள். மேலும், தொடக்கப் படிகளில் அவன் மந்திரவாதியோடு கூடிச் செல்லலாகாது. கட்டுப்பாடு அவனுக்கே விதிக்கப்பட்டது; ஆனால் அதன் சுமை அருகிலிருந்த நண்பனின் தோளிலும் இறங்கியது. கணக்கிற் சமமானது மேசையிற் சமமாகவில்லை.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே புள்ளி அட்டவணையை வகுத்தது. எனினும், துணைநூல்கள் பெருகப் பெருக, வெவ்வேறு நூல்களின் விதிகளை இணைத்து எவரும் எதிர்பாராத வலிமையை ஆக்குவோரும் பெருகினர். ஆகவே, 2014இல் தொடங்கிய பொது ஆட்ட அமைப்பு, மூலநூலோடு மேலும் ஒரே ஒரு நூலையே ஒரு பாத்திரத்துக்குப் பயன்படுத்தலாம் எனத் தன் தொடக்க ஆண்டுகளில் வரையறுத்தது. இரண்டு நூல்களின் சேர்க்கையைச் சோதிப்பது இயலும். இருபதின் சேர்க்கையைச் சோதிப்பது அரிது.

ஒரே மாலையில் ஐவர் கூடி ஆடுங்கால், ஒருவரே வெல்ல நால்வர் பார்த்திருப்பாராயின், அடுத்த கிழமை அம்மேசையில் ஆசனங்கள் வெறுமையாகும். சமநிலை என்பது எண்களின் ஒப்புமையன்று. ஒவ்வொருவர்க்கும் ஆற்றுதற்கு ஒரு செயல் இருத்தலேயாம். அதனை அச்சிட்ட நூல் ஓரளவே காக்கும். எஞ்சியதைக் காப்பவர், புது விதியை ஏற்குமுன் தம் மேசையிலிருப்போர் முகத்தை நோக்கும் நடுவரே.