அட்டையும் மூக்கும்

சுஸ்ருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் 13ஆம் அத்தியாயம் அட்டை விடுவது பற்றியது. அறுந்த மூக்கைக் கன்னத்துத் தோலால் சீராக்குவது 16இல் வருகிறது. ரெண்டுக்கும் சம்பந்தமில்லைன்னுதான் நினைச்சிருந்தேன்.

இடம் மாற்றி ஒட்டிய தோலுக்குள் ரத்தம் வந்தால் போதாது, திரும்பிப் போகவும் வேண்டும். சிரை அடைபட்டால் தோல் நீலம்பாரித்துச் செத்துவிடும். அதற்கு அட்டை விட்டதை 1960இல் லூப்லியானாவின் டெர்கன்ட்ஸும் ஸ்ட்ராவிச்சும் எழுதினார்கள். 1985இல் பாஸ்டனில் ஜோசப் அப்டன், நாய் கடித்துப் பிய்ந்த ஒரு சிறுவனின் காதை மறுபடி ஒட்டி, இப்படியே காப்பாற்றினார்.

அட்டை குடிப்பது கொஞ்சந்தான். அதன் எச்சிலிலுள்ள ஹிருடின் ரத்தத்தை உறையவிடாது. அட்டை விழுந்த பிறகும் கடிவாய் மணிக்கணக்கில் கசியும். அந்தக் கசிவுதான் வைத்தியம். புதுச் சிரைகள் முளைக்கும்வரை, சில நாள், இது தொடரணும். அதுக்குள்ள நோயாளிக்கு வேற ரத்தம் ஏத்த வேண்டி வந்தாலும் வரும்.