ஒரு சஹனும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

நம் இல்லத்துச் சிறுவன் ஒருவன் அண்மையில் பள்ளியிலிருந்து வாடிய முகத்துடன் திரும்பினான். ‘மெஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளையும், அப்பொருள் தரும் பிற சொற்களையும் எழுதுமாறு தேர்வில் கேட்டிருந்தனர். பையன் ‘சாப்பாட்டு விடுதி’ என்று எழுதிவிட்டான். அவன் மீது குற்றமில்லை. திருவல்லிக்கேணியில் அறை எடுத்துத் தங்கிப் படித்த அவன் வாப்பா, எந்த மெஸ்ஸில் மீன் குழம்பு நன்றாயிருக்கும் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவன். ஆசிரியரோ சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு, ‘அலங்கோலம், ஒழுங்கின்மை’ என்று திருத்தி, மதிப்பெண் இல்லை என்று குறித்திருந்தார்.

ஆசிரியர் எழுதியது பிழையன்று. ஆனால் பையன் எழுதியதும் பிழையன்று. உணவைச் சார்ந்த பொருளே அச்சொல்லுக்கு மூத்த பொருள். அலங்கோலம் என்பது நேற்று வந்து ஒட்டிக்கொண்டது. அவ்வரலாற்றை வாசக நேயர்கள் முன் வைக்க விழைகிறோம்.

லத்தீன் மொழியில் ‘அனுப்புதல்’, ‘வைத்தல்’ என்னும் பொருளுடைய வினையொன்று உண்டு. அதிலிருந்து, விருந்தில் முறைமுறையாக அனுப்பி வைக்கப்படும் உணவுக்கு ஒரு பெயர் பிறந்தது. அது பழைய பிரெஞ்சு மொழி வழியாக, ஏறத்தாழ 1300 அளவில், ‘மெஸ்’ என ஆங்கிலத்தில் குடியேறியது. செய்தியைக் குறிக்கும் ‘மெஸேஜ்’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததே. அனுப்பப்பட்ட சொல் செய்தியாயிற்று. அனுப்பப்பட்ட உணவு மெஸ் ஆயிற்று.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னரின் ஆங்கில பைபிளைப் புரட்டினால் இதற்கோர் அழகிய சான்று கிடைக்கிறது. யூசுஃப் (அலை) அவர்கள், தம்மை இன்னாரென்று அறியாத சகோதரர்களுக்கு எகிப்தில் விருந்தளித்த கட்டம் அது. தம் முன்னிருந்து ஒவ்வொருவருக்கும் உணவுப் பங்கை அனுப்பினார்கள் என்றும், தம்பி புன்யாமீனுக்குச் சென்ற பங்கு மற்றவர்களின் பங்கைப்போல் ஐந்து மடங்கு என்றும் அங்கே வருகிறது. அந்தப் பங்கைக் குறிக்க மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்தாண்ட சொல் ‘மெஸ்’ என்பதே! நம் தஃப்ஸீர்களில் இதே விருந்து வேறு வகையில் சொல்லப்படுகிறது. சகோதரர்கள் இருவர் இருவராக அமர்த்தப்பட, துணையின்றித் தனித்துப் போன புன்யாமீனை யூசுஃப் (அலை) தம்முடன் அமர்த்திக்கொண்டார்கள் என்பர். தந்தை ஒருவர், தாய் ஒருவர் என்றிருந்த இருவர் ஒரே உணவின் முன் அமர்ந்த காட்சியை நினைக்கும்போதெல்லாம் நம் நெஞ்சு நெகிழ்கிறது.

உணவுக்குப் பெயரான சொல், பின்னர் அதைச் சுற்றி அமர்ந்தோருக்கும் பெயராயிற்று. பழைய இங்கிலாந்தின் பெருவிருந்துகளில் நால்வர்க்கு ஒரு தொகுதி எனப் பரிமாறினர். அந்த நால்வர் கூட்டமே ஒரு மெஸ். ஷேக்ஸ்பியர் தம் நாடகமொன்றில் மூவருடன் நாலாமவன் வந்து சேர்வதை, மெஸ் நிறைவு பெறுவதாகக் குறிக்கிறார். லண்டனில் பாரிஸ்டர் பயிற்சி தரும் பழம்பெரும் சட்டக் கழகங்கள் இந்த நால்வர் வழக்கத்தைக் கைவிடவில்லை. 1888இல் லண்டன் சென்று இன்னர் டெம்பிளில் சேர்ந்த காந்தியடிகள், தம் சுயசரிதையில் இதனைச் சுவைபடச் சொல்கிறார். நால்வருக்கு இரண்டு புட்டி மது வழங்கப்படும். அவரோ மதுவைத் தொடாதவர். ஆகவே நாலாவது ஆளாக அவரைத் தம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள மற்ற மாணவர்கள் போட்டியிட்டனராம்!

இனி, இச்சொல் எவ்வாறு கீழிறங்கியது என்பதைக் காண்போம். கஞ்சி, கூழ் போன்ற குழைந்த உணவையும் மெஸ் என்றனர். பிறகு கால்நடைகளுக்குக் கலந்து வைக்கும் தீனியையும் அப்படியே சொல்லலாயினர். சொல்லின் மானம் அங்கேதான் போயிற்று. கலந்து கிடப்பது எதுவாயினும் மெஸ் என்னும் இகழ்ச்சி பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் குழப்பநிலை, அழுக்கு, அலங்கோலம் என்னும் இன்றைய பொருள்கள் நிலைபெற்றன.

ஏறக்குறைய அதே காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்நாட்டில் இச்சொல்லைக்கொண்டு மெய்யாகவே ஒரு குழப்பத்தை உண்டாக்கினர். இராணுவ அதிகாரிகள் கூடி உண்ணும் ‘மெஸ்’ இங்கு முன்பே வந்துவிட்டது. வட இந்தியச் சிறைகளிலோ வேறு முறை இருந்தது. கைதிகளுக்குப் பண்டமோ காசோ கொடுத்துவிடுவர், அவரவர் சமைத்துக்கொள்வர். 1840களில் இதை மாற்றி, கைதிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒருவர் சமைத்ததை மற்றவர் உண்ணவேண்டும் என்று ஆணையிட்டனர். இதற்கு ‘மெஸ்ஸிங்’ முறை என்று பெயர். சாதி கெடும் என்று இந்துக் கைதிகள் அஞ்சினர். மதத்தில் கைவைக்கும் சூழ்ச்சியின் முதற்படி இது என்ற ஐயம் இரு சமுதாயத்தாரிடமும் பரவிற்று. பீகார்ச் சிறைகளில் கலவரங்கள் மூண்டன. 1855இல், ஆயுதமாகப் பயன்படக்கூடும் என்று கைதிகளின் பித்தளை லோட்டாக்களைப் பறித்து மண்பாண்டம் கொடுத்தபோது ஆராவிலும் முஸஃபர்பூரிலும் மீண்டும் கொந்தளிப்பு. முஸஃபர்பூரில் ஊர் மக்களே கைதிகளின் பக்கம் திரண்டனர். அதிகாரிகள் லோட்டாக்களைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. 1857 பேரெழுச்சியின் வரலாற்றை எழுதிய ஜான் கே, அதற்கு முன்னறிகுறிகளாக இவற்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். சேர்ந்து உண்பது நல்லதே. ஆனால் சிறை அதிகாரியின் தடிக்கு அஞ்சிச் சேர்ந்து உண்பதை எவர்தாம் விருந்தென்பர்?

அதே பொருள் தரும் பிற சொற்களையும் கேட்டிருந்தார்களே! அவற்றுள்ளும் பாதி அடுக்களையிலிருந்தே வந்தவை. ‘ஹேஷ்’ என்பது கொத்திய இறைச்சி. ‘காலிமாஃப்ரி’ பிரெஞ்சுக்காரர்களின் இறைச்சிக் கலவை. ‘ஃபராகோ’ லத்தீனில் மாட்டுத் தீனி. ‘மடில்’ மட்டும் சேற்றிலிருந்து வந்தது என்பர். ‘ஹாட்ச்பாட்’ என்பது பானையைக் குலுக்கிச் சமைக்கும் கூட்டுக்கறி. அதன் திரிபே ‘ஹாட்ச்பாட்ச்’ என்னும் குழப்பம். ஆயினும் ஆங்கிலச் சட்டத்தில் ஹாட்ச்பாட்டுக்குக் கண்ணியமான பொருள் உண்டு. மக்களுள் ஒருவர் முன்னரே பெற்ற சொத்தையும் எஞ்சிய சொத்துடன் கலந்து கணக்கிட்டு, பிறகு பங்கிடுவதற்கு அப்பெயர். கலப்பதே இங்கு நீதிக்கு வழியாகிறது!

ஆங்கிலேயரை மட்டும் சொல்வானேன்? ‘குழம்பு’ என்றால் நமக்கு வாயூறுகிறது. ‘மனம் குழம்பிற்று’ என்றால் வருந்துகிறோம். இரண்டும் ஒரே சொல்லல்லவா? அரபு மொழியிலும் ‘ஃபஸாது’ என்பதன் வினைச்சொல், உணவு கெட்டுப்போவதற்கும் வழங்குகிறது. ‘ஃபித்னா’ மட்டும் அடுக்களையை விட்டுப் பட்டறைக்குப் போய்விட்டது. பொன்னைத் தீயிலிட்டுச் சோதிப்பதே அதன் ஆதிப்பொருள்.

பையனுக்கு இவ்வளவையும் சொன்னோம். அவன் கேட்டது ஒன்றே: “அப்போ நம்ம சஹனும் மெஸ்தானா?”

ஆம் என்றோம். ‘சஹன்’ அரபியில் தட்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நெய்ச்சோற்றுச் சஹன் ஒன்றைச் சுற்றி அமர்வோர் தொகை இடத்துக்கு இடம் மாறும். இலங்கையில் அறுவர் அமர்வது வழக்கம். அங்கும் தட்டின் பெயரே பந்தியின் கணக்காகிவிட்டது. கப்பல் வைத்திருந்தவரும் கூலிக்கு மூட்டை தூக்கியவரும் ஒரே சஹனில் கைவைத்த கதைகளை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சென்ற நிக்காஹ் விருந்தில் நாமும் அப்பையனும் வாசலில் நின்றிருந்தபோது, உள்ளிருந்து ஒருவர், “சஹனுக்கு ஓராள் குறையுது, தம்பியை அனுப்புங்க!” என்று குரல் கொடுத்தார். பையன் ஓடிப்போய், முன்பின் அறியாத மூன்று பெரியவர்களுக்கிடையே அமர்ந்துகொண்டான்.